பாயிண்ட் என்னும் அளவும் சொற்செயலியின் நுண்மையும்

சொற்செயலி மென்பொருள்களின் கையேடுகளையும் திரைச்சொற்களையும் தமிழாக்குவோர் முதலில் எதிர்கொள்ளும் அளவைச் சொல் 'பாயிண்ட்' என்பதாகும். இதனைப் 'புள்ளி' எனப் பெயர்த்துவிட்டு அப்பால் செல்வது எளிது. ஆனால் அச்சொல் குறிக்கும் நீளம் இருநூற்றைம்பது ஆண்டுகளில் பலமுறை மாறியுள்ளது. சொற்செயலியின் 'துல்லியம்' பற்றி இன்று எழும் குழப்பங்கள் பலவற்றிற்கு அவ்வரலாறே மூலம்.

1737இல் பாரிசு நகரத்து எழுத்துவார்ப்பாளர் பியர் சிமோன் ஃபூர்னியே, எழுத்துடல்களின் அளவுகளை ஒரே அலகின் மடங்குகளாக அமைக்கும் முறையை வெளியிட்டார். அதற்கு முன்பு வார்ப்பகங்கள் எழுத்தளவுகளுக்குப் பெயர் சூட்டினவேயன்றி எண் சூட்டவில்லை. ஒரே பெயருடைய எழுத்து இரு வார்ப்பகங்களில் இரு வேறு அளவினதாக இருக்கக்கூடும். எனினும் ஃபூர்னியேயின் அளவுகோல் நாட்டின் சட்டமுறை அடியோடு பொருந்தவில்லை. 1780களில் பிரான்சுவா அம்புருவாசு திதோ அக்குறையை நீக்கி, அரச அடிக்குரிய அங்குலத்தின் 72இல் ஒரு கூறைப் பாயிண்ட் என வகுத்தார். அது ஏறத்தாழ 0.376 மி.மீ. ஆகும். 1795இல் பிரான்சு மெட்ரிக் முறையைச் சட்டமாக்கியது. சட்டத்தை விட்டு மறைந்த அரச அடி அச்சகங்களில் மட்டும் நெடுங்காலம் உயிர் தரித்தது.

அமெரிக்க வார்ப்பாளர் 1886இல் ஏற்ற அளவு வேறு. 12 பாயிண்ட் கொண்ட பைக்கா என்னும் அலகில் 83 சேர்ந்தால் 35 செ.மீ. என்பது அவர்கள் கொண்ட ஒப்பளவு. அங்குலத்தைக் கைவிடாத நாட்டினர் தம் எழுத்தைச் சென்டிமீட்டரால் சரிபார்த்தது சற்று வியப்பானதே. இக்கணக்கில் பாயிண்ட் சுமார் 0.351 மி.மீ.; ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ 72.27 பாயிண்ட் அடங்கும். 1984இல் அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி இப்பின்னத்தை உதறி, அங்குலத்திற்குச் சரியாக 72 என அமைத்தது. பத்து அங்குலப் பக்கத்தில் இவ்விரு கணக்குகளும் 2.7 பாயிண்ட், அதாவது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், வேறுபடும். இன்றைய சொற்செயலிகளில் உள்ள பாயிண்ட் இந்த இரண்டாவதே. பழைய அச்சுக்கலை நூலொன்றை மொழிபெயர்ப்பவர் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. மேலும், பாயிண்ட் அளப்பது எழுத்தின் உடலையே, எழுத்தின் வடிவத்தையன்று. 12 பாயிண்ட் தமிழெழுத்தும் 12 பாயிண்ட் உரோமன் எழுத்தும் கண்ணுக்கு ஒத்துத் தோன்றாமைக்குக் காரணம் இதுவே.

இனி நுண்மைக்கு வரலாம். மைக்ரோசாஃப்ட் வேர்ட் மென்பொருளும், அந்நிறுவனம் 1987இல் வெளியிட்ட ஆர்.டி.எஃப். கோப்பு வடிவமும் நீளங்களைப் பாயிண்டின் இருபதில் ஒரு கூறால் எண்ணுகின்றன. 'டுவிப்' எனப்படும் இக்கூறு ஓர் அங்குலத்தில் 1440 அடங்கும். கோப்பில் முழு எண்களே எழுதப்படும், பின்னத்திற்கு இடமில்லை. பயனர் அமைப்புப் பெட்டியில் அங்குலம், சென்டிமீட்டர், பைக்கா என எதைத் தெரிவு செய்தாலும் மாறுவது காட்சி மட்டுமே.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஒரு சென்டிமீட்டர் 566.93 டுவிப், அது 567 என முழுமையாக்கப்படும். அரைச் சென்டிமீட்டர் 283.46, அது 283 ஆகும். இரண்டு அரைகளைக் கூட்டினால் 566. ஒன்றுக்கும் இரண்டு அரைகளுக்கும் இடையே ஒரு டுவிப் குறைகிறது. இரு பதின்மத்தோடு நிற்கும் திரையோ இரண்டையும் ஒரு சென்டிமீட்டர் என்றே காட்டும். 210 மி.மீ. அகலமுள்ள ஏ4 தாளும் இவ்வாறே கோப்புகள் சிலவற்றில் 11906 எனவும் வேறு சிலவற்றில் 11907 எனவும் பதிவாகியுள்ளது. எழுத்தளவுக்குரிய படி இன்னும் பெரியது: வேர்ட் அரைப் பாயிண்டால் எண்ணுவதால் 10.5 செல்லும், 10.3 செல்லாது.

டொனால்டு கனூத் தம் டெக் அச்சுக்கோப்பு மென்பொருளில் பாயிண்டை 65,536 கூறாக்கினார். கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளமே அக்கூறுகளில் நூறு அளவினது. எந்த அச்சுப்பொறியாலும் காட்டவியலாத நுண்மை இது. அவர் நாடியது கண்ணுக்குத் தெரியும் செம்மையை மட்டுமன்று. எந்தக் கணிப்பொறியில் இயக்கினும் வரிகள் ஒரே இடத்தில் முறிய வேண்டும் என்பதே. 2006இல் தரமாக்கப்பட்ட ஆபீஸ் ஓப்பன் எக்ஸ்.எம்.எல். வடிவம் படங்களுக்குக் கொண்ட அலகு வேறொரு நோக்குடையது. அங்குலத்திற்கு 9,14,400, சென்டிமீட்டருக்கு 3,60,000, பாயிண்டிற்கு 12,700 என எல்லாம் முழு எண்களாகவே வகுபடும். 1959 முதல் அங்குலம் சரியாக 25.4 மி.மீ. என வரையறுக்கப்பட்டிருப்பதால்தான் இது இயன்றது.

ஆகவே அலகின் சிறுமை வேறு, அளவின் உண்மை வேறு. தமிழில் 'துல்லியம்' என்னும் ஒரே சொல் இரண்டிற்கும் ஆளப்படுவதால் மென்பொருள் விளக்கங்கள் மயங்குகின்றன. எத்தனை பதின்மம் எண்ணப்படுகிறது என்பதற்கு 'நுண்மை' எனவும், மெய்யளவோடு பொருந்துதலுக்குத் 'துல்லியம்' எனவும் பிரித்தாளுதல் தகும். 'புள்ளி' என்பது பதின்மக் குறிக்கும் மெய்யெழுத்தின் மேற்குறிக்கும் ஏற்கெனவே வழங்குவதால், அச்சகத்தார் நாவில் பழகிய 'பாயிண்ட்' நீடிப்பதே நன்று.

டுவிப் என்பது 'பாயிண்டின் இருபதிலொன்று' என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமேயாகும். இருபதில் ஒன்றுக்குத் தமிழ்க் கீழ்வாய் இலக்கத்தில் தனிப்பெயர் உண்டு: மா. வேலி நிலத்தின் இருபதிலொரு பங்கும் மா எனவே வழங்கியது. பாயிண்டின் ஒரு மா என்றால் கணக்கு பிசகாது. அப்பின்னத்திற்குரிய குறியும் 2019இல் யூனிகோடின் 12ஆம் பதிப்பில், தமிழுக்கான துணைத் தொகுதியில் இடம்பெற்றுவிட்டது.