கண்டிச் சண்டைக்குப் போனவர்



நம் கல்முனைக் கரையில் ஒருவரை இன்னாரென்று அறிய விரும்பும் முதியவர்கள், "என்ன குடி?" என்றுதான் கேட்பார்கள். தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் குடி தாய்வழியாகவே வருகிறது. கோயில் வண்ணக்கர் பதவியும் பள்ளிவாசல் மரைக்காயர் பதவியும் குடியை ஒட்டியே அமைந்து வந்தன. படையாண்ட குடி என்று ஒரு குடிப்பெயரே இப்பகுதியில் உண்டு. உம்மாவின் உம்மா, அவருடைய உம்மா என்று பின்னோக்கிப் போனால் பல தலைமுறைகளைத் தொட்டுவிடலாம். ஆனால் எங்கிருந்தோ வந்து இங்கே பெண்ணெடுத்த ஓர் ஆண் மகனை இக்கணக்கில் தேடினால் அகப்பட மாட்டான். அவனுடைய பிள்ளைகள் தாயின் குடியில் சேர்ந்துவிடுவார்கள். அவன் கரைந்து போவான்.

என்னிடம் உயர்தரத் தமிழ் கற்ற முஸ்லிம் மாணவர் ஒருவர் அப்படிக் கரைந்துபோன ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவருடைய தந்தை வழியில் ஆண்களின் பெயருக்கு முன்னால் 'துவான்' என்று ஒரு சொல் நிற்கும். இலங்கை மலாயர் தம் ஆண்மக்களுக்கு வைக்கும் மரியாதைப் பெயர் அது. "சேர், மூதாதை ஒருத்தர் பட்டாளத்தில இருந்து கண்டிச் சண்டைக்குப் போனவராம், திரும்பி வரல்லையாம். வாப்பும்மாக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றார். வீட்டில் இருந்த பழைய காகிதங்களை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோயிற்று. வாப்பும்மாவுக்கு வயது தொண்ணூறு கடந்துவிட்டது. தம் பிள்ளைகளை ஊரார் "நீங்க எந்த ஊர் ஆக்கள்?" என்று கேட்கும்போது ஒரு விடை வேண்டும் என்பதே அவருடைய அவசரம்.

கண்டிச் சண்டை என்றால் எது? 1803இல் நடந்ததை ஆங்கிலேயருக்கும் கண்டிக்குமான போர் என்றே பாடநூல்கள் கூறும். எனக்கு அது ஒரு பாதி உள்நாட்டுப் போராகவே தோன்றுகிறது. அரியணையில் இருந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும், ஆங்கிலேயர் கொண்டுவந்து முடிசூட்டிய முத்துசாமியும் ஒரே நாயக்கர் மரபினர். முத்துசாமி முந்திய மன்னனின் மைத்துனன். இருவர் பக்கமும் மலாயர் நின்றார்கள். ஆங்கிலேயப் படையின் மலாய்த் தலைவர்களுள் ஒருவரான கப்டன் நூருத்தீன், ஒல்லாந்தரால் இங்கு நாடுகடத்தப்பட்ட கோவா அரச குடும்பத்தவர். (இந்தியாவின் கோவா அல்ல, சுலவேசித் தீவின் மக்காசார்ப் பக்கத்துக் கோவா.) கண்டி மன்னனின் மலாயருக்குத் தலைவனாக எதிரே நின்ற சங்குங்லோ அவருடைய உடன்பிறந்தான். 1803 ஜூன் 24ஆந் திகதிச் சண்டையில் சங்குங்லோ மாண்டான். அன்றே மேஜர் டேவி சரணடைந்தார். முத்துசாமி மன்னனிடம் ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். மன்னனின் சேவையில் சேர மறுத்த நூருத்தீனும் மற்றொரு சகோதரரும் உயிரிழந்தனர். ஒரு தகப்பனின் மக்கள் மூவர், இரண்டு பக்கங்களில் நின்று மாண்ட கதை இது. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஆயினும் மாணவரின் மூதாதையைத் தேட, எனக்கு 1803ஐ விட 1804 பொருத்தமாகப் படுகிறது. அவ்வாண்டு செப்டெம்பரில் கப்டன் ஆதர் ஜோன்ஸ்ரன் சுமார் 300 பேரோடு நம் மட்டக்களப்பிலிருந்தே கண்டிக்குப் புறப்பட்டார். வெள்ளையருடன் மலாயரும் சிப்பாய்களும் அதில் இருந்தனர். சுமை தூக்குவோர் தனி. பல திசைகளிலிருந்தும் அணிகள் வந்து கண்டியில் கூடும் என்பது ஏற்பாடு. அத்திட்டம் இடையிலே கைவிடப்பட்டது. ஜோன்ஸ்ரனுக்கு எழுதப்பட்ட கட்டளையின் வாசகம் தெளிவாக இல்லாமையால் அவர் நடந்துகொண்டே இருந்தார். மகாவலியைக் கடந்து கண்டியை அடைந்து பார்த்தால் வேறு எந்த அணியும் அங்கில்லை. காத்திருந்து பயனில்லையென்று சுடுபட்டுக்கொண்டே பின்வாங்கி, ஒக்டோபரில் திருகோணமலையைச் சேர்ந்தார்கள். ஒரு கடித வாசகத்தின் பிழைக்கு எத்தனை உயிர்கள்!

ஜோன்ஸ்ரன் இந்தப் பயணத்தை 1810இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். அதில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. மலாயரும் சிப்பாயும் தொகையாகவே வருகிறார்கள். ஆக, குடிக்கணக்கு தாயை எழுதிற்று, படைக்கதை அதிகாரியை எழுதிற்று. சாதாரணச் சிப்பாய் இரண்டுக்கும் நடுவே விழுந்துவிட்டான்.

அவனுக்குப் பெயர் எழுதியவன் சம்பளக் கணக்கன் ஒருவன்தான். பிரித்தானியப் பட்டாளங்களின் ஆட்கணக்கு, சம்பளப் பட்டியல்கள் லண்டனில் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் போர் அலுவலகத்தின் 12ஆந் தொகுதியாக இருக்கின்றன. மலாய்ப் பட்டாளம் 1827இல் இலங்கை ரைபிள் படையாயிற்று. 1873இல் அது கலைக்கப்பட்டது. இப்படையினரின் வரலாற்றை நம் நாட்டு ஆய்வாளர் பி. ஏ. ஹுசைன்மியா 'ஓராங் றெஜிமென்' என்ற நூலாக எழுதி, அது 1990இல் மலேசியாவில் வெளிவந்தது. தேடத் தொடங்குவோர் முதலில் அதைப் படிக்க வேண்டும்.

என் மாணவரிடம், "தம்பி, மலாய்ப் பட்டாளம், 1804இன் கடைசிக் காலாண்டு. கண்டியிலிருந்து மீளாதவர்களின் பெயர்களைப் பார்" என்றேன். ஆங்கில எழுத்துக்கூட்டலை நம்ப வேண்டாம் என்றும் சொன்னேன். காதில் விழுந்ததை அந்தக் கணக்கன் தன் நாவுக்கு ஏற்ப எழுதியிருப்பான். நூருத்தீன் என்ற பெயரையே பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே அந்த மூதாதையின் பெயரை வாப்பும்மா எப்படி உச்சரிக்கிறாரோ அப்படியே ஒலிப்பதிவு செய்து வைத்துக்கொள், அதை முதலில் செய் என்றேன். போன வெள்ளிக்கிழமை செய்துவிட்டார். நானும் கேட்டேன். 'துவான்' என்பதை அம்மூதாட்டி 'துவா' என்று மூக்கோடு இழுத்து நிறுத்துகிறார்.