செஞ்சிக்கு ஏறாத மீன்

1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ஒரே இரவில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. 1761 ஏப்ரலில் ஆங்கிலேயரிடம் சரணடையும் வரை அங்கே பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. ஆனாலும் புதுச்சேரியில் வேர்விட்ட பிரெஞ்சுச் சமையல் செஞ்சியில் தடம் பதிக்கவில்லை. வேகவைத்த இறாலையும் மீனையும் காய்கறிகளோடு தட்டில் தனித்தனியே அடுக்கி, எண்ணெயும் வினிகரும் அடித்துக் கலந்து மேலே ஊற்றும் கடலுணவு சாலட்டை எடுத்துக்கொள்வோம். அதைத் தடுத்தது ஆட்சியின் குறுகிய ஆயுளோ, ஊராரின் நாக்கோ அல்ல. மீன் கெடும் வேகமும் மாட்டுவண்டி போகும் வேகமும்தான்.

புதுச்சேரிக்கும் செஞ்சிக்கும் சுமார் 70 கி.மீ. ஒரு நாளில் 25, 30 கி.மீ. போகும் வண்டிக்கு அது இரண்டு மூன்று நாள் பயணம். நம் வெயிலில் இறால் அத்தனை நேரம் தாங்காது. கப்பலில் வந்த வினிகர் எத்தனை நாளானாலும் கோட்டைக்குப் போய்ச் சேரும். அதை ஊற்ற வேண்டிய மீன் போய்ச் சேராது. கோட்டையின் கட்டடங்களும் இதையே சொல்கின்றன. கீழ்க்கோட்டையில் பெரிய தானியக் களஞ்சியங்கள். கோட்டைக்குள் அடங்கிய கிருஷ்ணகிரி மலைமேல் களஞ்சியங்களோடு எண்ணெய்க் கிணறு, நெய்க் கிணறு என்று வழங்கும் தொட்டிகள். மராத்திய மன்னர் ராஜாராமை உள்ளே வைத்து 1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகையிட்டபோது, கோட்டை நீடித்து நின்றதற்கு மதிலைப் போலவே இந்தச் சேமிப்பும் காரணம். இங்கே கெடாத பண்டத்துக்குத்தான் மதிப்பு.

காவற்படையே சிறியது, அதில் சமையல் மரபு எப்படி வளரும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரெஞ்சுக்காரர் ஒரு நேரத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் அங்கே வைத்ததில்லை என்றும், பத்தாண்டில் நோய்க்கு 1,200 பேரை இழந்தார்கள் என்றும் ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் எழுதினார். ஆனால் இது பிரெஞ்சுக்காரருக்கு மட்டுமே பொருந்தும் விளக்கம். அவர்களுக்கு முன் கடலோரத் தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரருக்கு இடம் கொடுத்ததே செஞ்சி நாயக்கர்தான். கடற்கரையே கைவசம் இருந்த நாயக்கர்களுக்கும் தூரம் குறையவில்லை. ஆளை ஓடவிட்டு இரவோடிரவாக மீன் கொண்டுவந்திருக்கலாமே என்றால், அது ஒரு தளபதியின் ஒருநாள் விருந்துக்கு உதவும், ஊர் வழக்கமாகாது. ஏரி மீன் இருந்ததே என்றால், அது குழம்புக்குப் போனது.

ஊராரின் நாக்கு ஏற்கவில்லை என்ற இன்னொரு ஆட்சேபத்துக்கும் அந்தக் குழம்பில்தான் பதில் இருக்கிறது. மீனோடு புளிப்பும் எண்ணெயும் சேர்வது தமிழ் நாக்குக்குப் புதிதல்ல. வெள்ளரிக்காயைப் பச்சையாக எலுமிச்சை பிழிந்து தின்பதும் புதிதல்ல. வேறுபாடு புளிப்பு செய்யும் வேலையில் இருக்கிறது. புளியில் கொதித்த மீன்குழம்பு மறுநாளும் தாங்கும். உப்பிட்டுக் காயவைத்த கருவாடு மாதக்கணக்கில் தாங்கும். சாலட்டிலோ வினிகர் பரிமாறும் வேளையில்தான் சேர்கிறது. மீனைக் காக்க அதற்கு நேரமில்லை, ஏற்கெனவே புதிதாக இருக்கும் மீனுக்கே அது சுவை கூட்டும். மீனைப் புதிதாக வைத்திருக்க ஐஸ் வேண்டும். சென்னைக்கு அமெரிக்க ஐஸ் வந்திறங்க ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டதே 1842இல். உள்நாட்டு ஊர்களுக்குக் கடல்மீன் கெடாமல் போக, இயந்திர ஐஸும் லாரியும் வரவேண்டியிருந்தது.

2025இல் மராத்தியப் போர்க் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கோட்டையைப் போலவே ஓர் ஊரின் உணவையும் ஆண்டவர்களின் பெயர்ப்பட்டியலைக் கொண்டு விளக்குவது எளிது. செஞ்சியில் அதைவிட நம்பத்தக்க சான்று களஞ்சியங்களே.