மாணவன் கேட்ட கேள்வி



சேலத்திலிருந்து கொச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் எங்கள் கருமத்தம்பட்டி அமைந்துள்ளது. இரவு பகல் என்றில்லாமல் லாரிகள் எங்களைக் கடந்து போகின்றன. 1995-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் ஓட்டுநரிடையே எய்ட்ஸ் தடுப்புப் பிரசாரம் நடைபெற்றது. அந்நாளில் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, ஆணுறை அணிந்தால் நோய் வரவே வராதா?” என்று வினவினான். நானோ நாணி, புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அவனுக்குத் தரவேண்டிய விடை இன்றளவும் என்னிடம் கடனாக நிற்கிறது.

கேள்வி புதியதன்று. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் மேகப்புண் பெருவாரியாகப் பரவியது. நம் முன்னோர் அதனைப் பறங்கிப்புண் என்று அழைத்தனர். எவர் வழியாக வந்ததென்று அவர்கள் கருதினர் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. இத்தாலிய மருத்துவர் ஃபலோப்பியோ, தாம் வகுத்த துணியுறையை ஆயிரத்து நூறு ஆடவர் அணிந்ததாகவும், ஒருவருக்கேனும் நோய் தொற்றவில்லை என்றும் எழுதினார். அவர் மறைந்த பின், 1564-இல் அந்நூல் வெளியாயிற்று. அணியாத ஆயிரம் பேரை அவர் ஒப்பிட்டுப் பார்த்தாரா? இல்லை. ஆதலின் அதனைச் சான்றாகக் கொள்வதற்கில்லை.

நம் நாட்டில் 1968-இல் ‘நிரோத்’ மூன்று பதினைந்து காசு விலையில் தேயிலையும் சோப்பும் விற்கும் கடைகளுக்கே வந்தது. நோக்கம் குடும்பக் கட்டுப்பாடு. நோய்த்தடுப்பு அன்று எவர் நினைவிலும் முதன்மையாக இல்லை.

1986-இல் நிலைமை மாறிற்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் பயின்ற நிர்மலா என்னும் மாணவி, பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைத் திரட்டினார். வேலூரில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தென்பட்டது. இந்தியாவில் அக்கிருமி இருப்பது அவ்வாறே முதன்முதலாக வெளிப்பட்டது. எய்ட்ஸ் மேனாட்டார் நோய் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் திகைத்தனர்.

இனி விடைக்கு வருவோம். பழுதற்ற ரப்பர் உறையினுள் எச்.ஐ.வி. நுழைந்து செல்லாது, இது ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மை. வாழ்க்கையிலோ உறை நழுவும், கிழியும், சில வேளை மறக்கப்படும். துணைவருள் ஒருவருக்கு நோயுள்ள தம்பதியரைத் தொடர்ந்து கவனித்த பல ஆய்வுகளை 2002-இல் தொகுத்துப் பார்த்தபோது, எப்போதும் அணிந்தோரிடையே தொற்று ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்திருந்தது. இதனைத் தவறாகப் பொருள் கொள்ளற்க. நூறு முறை அணிந்தால் இருபது முறை நோய் வரும் என்பதன்று. அணியாதிருந்தால் நூறு பேருக்கு வந்திருக்கக்கூடிய இடத்தில் இருபது பேருக்கு வந்தது என்பதே பொருள். கணக்கில் இப்படி இடறும் மாணவரை நான் நிறையக் கண்டிருக்கிறேன், நாளிதழ்களும் இடறுகின்றன.

வெட்டை நோய்க் கிருமி உடல்நீர் வழியே பரவுவதால் அதற்கும் உறை நல்ல காப்பு. மேகப்புண், அக்கி வகைக் கொப்புளம், எச்.பி.வி. ஆகியவை தோலோடு தோல் படுவதாலேயே தொற்றக்கூடியவை. உறை மூடாத இடத்தில் புண் இருப்பின் காப்பும் குறையும். எச்.பி.வி.க்குத் தடுப்பூசி உண்டு. அக்கிக் கொப்புளத்திற்கு இன்னும் இல்லை.

குறையுடைய காப்பு நாடு தழுவிய பயன் தருமா? தாய்லாந்து 1991 முதல் விலைமகளிர் இல்லங்கள் யாவற்றிலும் ஆணுறையைக் கட்டாயமாக்கிற்று. சில ஆண்டுகளிலேயே பால்வினை நோய்கள் வெகுவாகச் சரிந்தன. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு தென் மாநிலங்களில், 15 முதல் 24 வயது வரையிலான கருவுற்ற பெண்களிடையே 2000-இல் 1.7 விழுக்காடாக இருந்த எச்.ஐ.வி. தொற்று, 2004-இல் 1.1 விழுக்காடாயிற்று. ஆடவர் விலைமகளிரிடம் செல்லும்போது ஆணுறை அணியத் தொடங்கியதே இதற்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதினர்.

அம்மாணவன் இன்று லாரி ஓட்டுகிறானா, தறி ஓட்டுகிறானா, அறியேன். எங்கிருப்பினும் இவ்விரண்டையும் அவன் கேட்டுக்கொள்ளட்டும்: தேங்காய் எண்ணெய் பட்டால் ரப்பர் உறை விரைவில் நைந்துவிடும், எஞ்சின் சூட்டருகே நெடுநாள் வைத்திருந்த உறையை நம்பலாகாது.