மெழுகா, சவ்வா? மைக்கோபாக்டீரியா உறையில் கொழுமியங்களின் ஒழுங்கமைவு

சளிப் பரிசோதனையில் கண்ணாடித் தகட்டின் மேல் கார்பால் ஃபுக்சின் சாயத்தை ஊற்றி, ஆவி எழும்வரை சூடாக்கி, பின் கந்தக அமிலத்தால் கழுவுகிறார்கள். மற்ற செல்கள் நிறம் இழக்கின்றன. காசநோய்க் கிருமி சிவப்பை விடுவதில்லை. மெத்திலீன் நீலம் இட்டதும் நீலப் பின்னணியில் செந்நிறக் குச்சிகள் தெரியும். எர்லிக், ஸீல், நீல்சன் ஆகியோர் 1882–83 ஆண்டுகளில் உருவாக்கிய முறை இது. கிருமியின் மேலுள்ள ‘மெழுகுப் பூச்சு’தான் இதற்குக் காரணம் என்று பாடநூல்கள் நெடுங்காலம் விளக்கின. பூச்சு என்றதும், தடிமன் கூடக் கூடக் காப்பும் கூடும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உறையின் வலிமை கொழுமியத்தின் அளவைவிட அது அடுக்கப்பட்ட முறையைச் சார்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உறையை உள்ளிருந்து பார்த்தால் உட்சவ்வு, பெப்டிடோகிளைக்கான் வலை, அதனுடன் பிணைந்த அராபினோகேலக்டன் என்ற சர்க்கரைச் சங்கிலி என வரிசை அமைகிறது. அச்சங்கிலியின் நுனிகளில் மைக்கோலிக் அமிலங்கள் வேதிப்பிணைப்பால் கோக்கப்பட்டுள்ளன. 60 முதல் 90 கார்பன்கள் கொண்ட இவற்றுக்கு ஒரு குட்டைக் கிளையும் ஒரு நெட்டைக் கிளையும் உண்டு. பிணைந்த இந்த அமிலங்கள் உள் ஏடாகவும், பிணையாத கொழுமியங்கள் வெளி ஏடாகவும் அமைந்த சமச்சீரற்ற ஈரடுக்கை 1982இல் மின்னிகின் முன்வைத்தார். 1993இல் நிகைடோ குழுவின் எக்ஸ்-கதிர்ச் சோதனை, கொழுமியச் சங்கிலிகள் சுவருக்குச் செங்குத்தாக நெருங்கி நிற்பதைக் காட்டியது. 2008இல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வெளிச்சவ்வு நேரடியாகத் தென்பட்டது.

அங்கே ஒரு கணக்கு இடித்தது. சவ்வின் மொத்தத் தடிமன் ஏறத்தாழ 8 நானோமீட்டர். நெட்டைக் கிளையில் 50 முதல் 60 கார்பன்கள்; முழுக்க நிமிர்ந்தால் அதுவே 6 முதல் 7.5 நானோமீட்டர் ஆகும். வெளி ஏட்டுக்குப் போதிய இடம் எஞ்சாது. ஆகவே சங்கிலி மடிந்திருக்க வேண்டும். நீர்ப்பரப்பில் ஓரடுக்காகப் பரப்பி அழுத்திய சோதனைகள் இதற்குத் துணைநிற்கின்றன: மைக்கோலிக் அமிலத்தின் ஆல்ஃபா வகை அழுத்தத்தில் நிமிர்ந்தது, ஆக்சிஜன் உள்ள கீட்டோ வகையோ மடிப்பை எளிதில் விடவில்லை. சங்கிலியில் ஒரு ஆக்சிஜன் அமரும் இடம் சவ்வின் வடிவையே மாற்றுகிறது.

இது வெறும் வடிவக் கணக்கன்று. மீத்தாக்சி, கீட்டோ வகைகளை உருவாக்க முடியாத காசநோய்க் கிருமித் திரிபிலும் ஆல்ஃபா வகை மைக்கோலிக் அமிலம் இருக்கிறது. ஆயினும் அதன் உறையின் ஊடுருவுதிறன் மாறியது. எலிகளில் அதன் வீரியமும் குன்றியது. பூச்சு என்ற உவமையால் இதை விளக்க இயலாது.

வெளி ஏடு தனி அடுக்கா, அல்லது மேலே ஒட்டிய கசிவா என்று ஐயுறலாம். 2014இல் காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸில் உட்சவ்வைக் குலைக்காமல் வெளிக் கொழுமியங்களை மட்டும் பிரித்தெடுத்த ஆய்வு, வெளிச்சவ்வு ஈரடுக்கே என்ற முடிவுக்கு வந்தது. அதே இனத்தின் எம்.எஸ்.பி.ஏ என்ற புரதமும் இதற்குச் சான்று: எட்டு அலகுகள் கூடி நீர் விரும்பும் பொருள்களுக்கு வழிவிடும் துளை அது. அப்படியொரு துளை குறுக்கே பொருந்தி நிற்கச் சவ்வு வேண்டும். மெழுகுப் படிவு போதாது.

மருந்துகளும் இதே பாடத்தைச் சொல்கின்றன. 1952 முதல் வழங்கப்படும் ஐசோநியாசிட் மைக்கோலிக் அமில உற்பத்தியையே தடுக்கிறது. எத்தாம்பியூட்டால் அந்த அமிலத்தைத் தொடவில்லை. அதைத் தாங்கும் அராபினான் சங்கிலியை வளரவிடாமல் செய்கிறது. கொழுமியம் உருவானாலும் கோக்க இடமின்றி உறை தளர்கிறது. செங்கல்லைப் பறித்தாலும் சுவர் விழும். செங்கல்லை வைக்கும் வரியைக் கலைத்தாலும் விழும்.