விழிஞம் காட்டும் வரலாறு

திருவனந்தபுரம் வரும் தமிழர், பதுமநாபசுவாமியைச் சேவித்துவிட்டுக் கோவளத்தில் சிறிது நேரம் காற்று வாங்கித் திரும்புவதே வழக்கம். கோவளத்தை அடுத்துள்ள விழிஞத்தைக் காண்போர் மிகச் சிலரே. நம் வரலாற்றின் ஒரு கசப்பான பகுதி அங்கேதான் இருக்கிறது.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஆய் அண்டிரனின் வழியினர் எனக் கருதப்படும் ஆய் மன்னர்களின் துறைமுகம் அது. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் அதன் கோட்டையை அழித்ததைச் சீவரமங்கலச் செப்பேடு கூறுகிறது. பின்னர் முதலாம் இராசராசனின் படைத்தலைவன் அதனைக் கைப்பற்றினான். கடலையே அகழியாகக் கொண்ட ஊர் என்று அதனை வருணிக்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. முதலாம் குலோத்துங்கனின் விழிஞ வெற்றியைக் கலிங்கத்துப்பரணி பாடுகிறது. கடல் வாணிகத்தின் செல்வத்தை நாடியே இத்தனை படையெடுப்புகளும் நிகழ்ந்தன எனலாம்.

கோட்டை மறைந்தது, பாறையில் குடைந்த சிறு கோயில் ஒன்று நிலைத்திருக்கிறது. உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளியே இருமருங்கும் முற்றுப்பெறாத சிற்பங்கள். சிற்பியின் உளி எதனால் நின்றதோ, அறியோம்.

2025 மே 2 ஆம் நாள், இயற்கையாகவே ஆழமான இக்கடலில் அமைந்த புதிய சரக்குத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பெருங்கப்பல்கள் மீண்டும் வருகின்றன.

செப்பேடுகள் வெற்றியைப் பாடுகின்றன. வென்றவரும் தமிழர், தோற்றவரும் தமிழர் என்பதை அக்குகைவாயிலில் நின்று நாம் எண்ணிப் பார்த்தல் நன்று. பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு, பழம்பெருமையோடு இந்த நினைவும் வேண்டும்.