பாண்டியரின் மர்ஸ்பான்

காயல் துறைமுகத்தை ஆண்டிருந்த தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மானை, பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் "ஹிந்தின் மர்ஸ்பான்" என்று குறிக்கிறார். மர்ஸ்பான் என்றால் எல்லைக் காவலர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நூற்பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்தோர் இதற்கு மார்கிரேவ் என்னும் சொல்லை இட்டனர். எல்லைப்புறப் பிரபுவைக் குறிக்கும் ஜெர்மானியப் பட்டம் அது. சொல்லளவில் பொருத்தமே. எனினும் அவர் ஆற்றிய பணியை நோக்குமிடத்து, ஜெர்மானியரின் வேறொரு பட்டமே அவருக்கு இசையும் என்போம். அது ஃபால்ஸ்கிராஃப், அதாவது அரண்மனைப் பிரபு.

அரசனுக்குப் பதிலாக வழக்குத் தீர்க்கவும் அரசுடைமைகளைக் காக்கவும் அமர்த்தப்பட்டவரே அரண்மனைப் பிரபு. அது அரசன் கொடுத்த வேலை; ஆனால் நாளடைவில் குடும்பச் சொத்தாயிற்று. ரைன் நதிக்கரையில் இப்பதவியை 1156இல் பேரரசர் பிரெடரிக் பார்பரோசா, தம் தந்தையின் இளைய தாரத்து மகனான கொன்ராடுக்கு அளித்தார். 1195இல் கொன்ராடு ஆண் வாரிசின்றி மறைந்தபோது பதவி மருமகனைச் சேர்ந்தது. 1214இல் விட்டல்ஸ்பாக் குடும்பம் அதைப் பெற்றது. 1356ஆம் ஆண்டின் பொன் முத்திரைச் சாசனத்தின்படி, பேரரசரையே தேர்ந்தெடுக்கும் எழுவருள் ஒருவராக ரைன் பிரபு உறுதிசெய்யப்பட்டார்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், பொருநை கடலோடு கலக்குமிடத்திற்கு அருகே இருக்கிறது பழையகாயல். மார்க்கோ போலோ வியந்து எழுதிய துறைமுகம் இதுவே என்று கால்டுவெல் கண்டார். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம் அது. முத்துக் குளிப்பில் பத்தில் ஒன்று அரசனுக்குச் சேரும் என்கிறார் போலோ. ஆனால் முத்தினும் பெரிய வாணிபம் குதிரை வாணிபமே. பாரசீக வளைகுடாவில் கைஸ் தீவை ஆண்ட மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன், ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைத் தம் பங்காக அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் விலை 220 செம்பொன் தீனார். கடலில் குதிரை மாண்டாலும் பாண்டியன் அதற்குரிய விலையைக் கொடுத்தாக வேண்டும்! வந்து சேர்ந்தவையோ, பேணத் தெரியாதார் கையில் விரைவில் மடிந்தன. மறு ஆண்டு மீண்டும் கப்பல் வந்தது. வணிகருக்கு இதனினும் நல்ல வாடிக்கை ஏது?

அந்த ஜமாலுத்தீனின் சகோதரரே தகிய்யுத்தீன். காயல் உட்பட மூன்று துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன. பாண்டியனுக்கு அவர் பிரதிநிதி, அமைச்சர், ஆலோசகர். வரும் சரக்கில் வேண்டியதை அவருடைய முகவர்கள் தேர்ந்தெடுத்த பின்னரே ஏனையோர் வாங்கலாம்.

ஹிஜ்ரி 702இல், அதாவது 1303ஆம் ஆண்டளவில், அவர் காலமானார். உடனே அவருடைய உடைமைகளைக் கைப்பற்ற அரசன் எண்ணினான். மகன் சிராஜுத்தீன் தம் விசுவாசத்தை எடுத்துரைத்து 200,000 தீனார் காணிக்கையும் செலுத்தினார். தந்தையின் செல்வம் மீண்டது. தந்தையின் பதவியும் கிடைத்தது. பதவி குடும்பத்தில் தங்கியது என்று இதனைச் சொல்லலாம். ஆயினும் உரிமையால் தங்கவில்லை, விலை கொடுத்துத் தங்கியது. கொன்ராடின் மருமகனுக்குப் பின்னால் கோட்டையும் நிலமும் குடிபடையும் இருந்தன. சிராஜுத்தீனுக்கோ கப்பலும் பண்டகசாலையும் அரசன் முகமலர்ச்சியுமே இருந்தன.

அம்முகமும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1310இல் குலசேகரன் மகன் கையாலேயே மாண்டான். மறு ஆண்டு மாலிக் காபூரின் படை வந்தது. பின்னர் குத்புத்தீன் முபாரக் ஷா காலத்தில் (1316–1320) தளபதி குஸ்ரூ கான் மஅபர் மீது படையெடுத்தான். அங்கிருந்த செல்வந்த வணிகர் குவாஜா தகீ என்பவரைப் பற்றி பரணீ எழுதுகிறார். சிராஜுத்தீனே இவர் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. வருவது முஸ்லிம்களின் படை என்ற நம்பிக்கையில் அவர் ஊரை விட்டு ஓடவில்லையாம். குஸ்ரூ கான் அவர் பொருளைப் பறித்து, அது அரசுக் கருவூலத்திற்கு உரியது என்று கூறி, அவரையும் கொன்றான்.