பனி விழுவதில்லை: கார் கண்ணாடியில் உறையும் பனியின் கதை



மார்கழி பிறந்தால் ஊட்டிப் படங்கள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். தலைகுந்தாவில் வெள்ளை வேட்டியை விரித்தது போலப் புல்வெளி. குதிரைப் பந்தய மைதானத்தில் வெண்மை. ராத்திரி வெளியில் நிறுத்திய காரின் மேல் சர்க்கரை தூவியது போல உறைபனி. ஓட்டுநர் ஒருவர் குல்லாவும் மப்ளருமாகக் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டு நிற்பார். படத்துக்குக் கீழே செய்தி: வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸ்.

என்னிடம் படித்து இப்போது சுற்றுலா வேன் ஓட்டும் தம்பி ஒருவர் இதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், தண்ணி பூஜ்ஜியம் டிகிரியிலதான் உறையும்னு நீங்கல்லாம் சொல்லிக்குடுத்தீங்க. 2 டிகிரின்னு பேப்பர்ல போடுறான். அப்புறம் எப்படி என் வண்டிக் கண்ணாடியில ஐஸ் கட்டுது?"

அறிவியல் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி. நான் 30 வருடம் வரலாறு நடத்தியவன். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த விதமே ஒரு நல்ல வரலாறு. அதில் நம் நாட்டு உழைப்பாளிகளுக்கும் பங்கு உண்டு. அதனால் நானே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் "பனி" ஒரே சொல்தான். புல் நுனியில் நிற்கும் துளியும் பனி, எதிரே வரும் ஆளை மறைப்பதும் பனி, ஊட்டியில் வெள்ளையாகப் படிவதும் பனி. வேறுபடுத்த வேண்டுமானால் பனித்துளி, மூடுபனி, உறைபனி என்போம். நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தபோது முன்பனி, பின்பனி என்று இரண்டை இதற்கே ஒதுக்கினார்கள். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி.

ஆண்டாள் பிறந்த ஊர்க்காரர்களுக்கு மார்கழிக் குளிரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். இங்கே மடவார் வளாகத்தில் அதிகாலையில் நடந்து பாருங்கள். வைத்தியநாத சுவாமி கோயில் பக்கம் நிற்கும் கார்களின் கண்ணாடியெல்லாம் வேர்த்தது போல இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில் விரலால் பெயர் எழுதிவிட்டு ஓடுவார்கள். ஓட்டுநர் வந்து ஒரு துணியால் துடைப்பார், வேலை முடிந்தது. நம் ஊரில் துளியாக நிற்கும் அதே பனிதான் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் கட்டியாகி ஒட்டிக்கொள்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

"பனி பெய்யுது, தலையில துண்டைப் போடு" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பனி மழையைப் போல மேலிருந்து விழுகிறது என்றுதான் நாம் எல்லோரும் நினைத்தோம். நம்மை விடுங்கள், ஐரோப்பாவின் பெரிய அறிஞர்களே பல நூற்றாண்டுகள் இதில் சண்டை போட்டார்கள். ஒரு கட்சி வானத்திலிருந்து விழுகிறது என்றது. இன்னொரு கட்சி பூமியிலிருந்து மேலே எழுகிறது என்றது.

இதைத் தீர்த்து வைத்தவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர். 1757இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் பிறந்து, லண்டனில் புனித தாமஸ் மருத்துவமனையில் பணியாற்றியவர். உடல்நிலை சரியில்லாத காலத்திலும், லண்டனுக்கு வெளியே ஒரு நண்பரின் தோட்டத்தில் இரவு இரவாக உட்கார்ந்து பனியை ஆராய்ந்தார். கருவி என்றால் வெப்பமானிகளும், கொஞ்சம் கம்பளி ரோமமும், ஒரு தராசும்தான். ஒரு பலகையை உயரமாக நிறுத்தி, அதன் மேல்பக்கம் கொஞ்சம் ரோமம், அடிப்பக்கம் அதே எடை ரோமம் வைத்தார். விடிந்ததும் நிறுத்துப் பார்த்தார். மேலே வைத்தது நிறைய ஈரம் ஏற்றிருந்தது. அடியில் வைத்ததும் கொஞ்சம் ஏற்றிருந்தது. பனி விழுவதாக இருந்தால் பலகைக்கு அடியில் எப்படி ஈரம் வரும்?

இன்னொரு சோதனை இன்னும் அழகு. புல்தரையில் நான்கு குச்சி நட்டு, 6 அங்குல உயரத்தில், 2 அடிக்கு 2 அடி அளவில் ஒரு மெல்லிய கைக்குட்டையை இழுத்துக் கட்டினார். நான்கு பக்கமும் திறந்தே இருந்தது, காற்று தாராளமாகப் போய் வரும். ஆனாலும் கைக்குட்டைக்கு அடியில் இருந்த புல், வெளியில் இருந்த புல்லைவிட வெதுவெதுப்பாக இருந்தது. அந்த மெல்லிய துணி எதை மறைத்தது? வானத்தை மட்டும்தான்.

வெல்ஸ் கண்ட விடை இது. ஒவ்வொரு பொருளும் தன் வெப்பத்தை எந்நேரமும் வெளியே வீசிக்கொண்டே இருக்கிறது. பகலில் சூரியன் அந்தச் செலவை ஈடுகட்டுகிறது. இரவில் மேகமில்லாத வானம் ஏறக்குறைய எதையும் திருப்பித் தருவதில்லை. செலவு உண்டு, வரவு இல்லை. அதனால் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் புல், தகரம், கண்ணாடி எல்லாம் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகின்றன. அதைத் தொடும் காற்றில் உள்ள நீராவி அங்கேயே படிகிறது. குளிர்ந்த சொம்பின் வெளிப்பக்கம் வேர்க்கிறதே, அதே கதை. கண்ணாடியின் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் படிவது துளியாக இருக்காது, பனிப்படிகமாக இருக்கும். அவ்வளவுதான்.

தம்பியின் கேள்விக்கு விடை வந்துவிட்டது. செய்தியில் வரும் 2 டிகிரி என்பது காற்றின் வெப்பநிலை. தரையிலிருந்து ஓராள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக, வெள்ளை மரப்பெட்டிக்குள், கூரைக்கு அடியில் வைத்த வெப்பமானி காட்டுவது. கார் கண்ணாடிக்குக் கூரை கிடையாது. அது ராத்திரி முழுக்க வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறது. அதனால் காற்று 2 டிகிரியில் இருக்கும்போதே கண்ணாடி பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். முன் கண்ணாடியில் தடிப்பாகவும், நெட்டாக நிற்கும் பக்கக் கண்ணாடியில் லேசாகவும் படிவது ஏன் என்பதும் இதனால் புரியும். மரத்தடியில் நிறுத்திய வண்டி தப்பித்துக்கொள்வதும், மேகம் மூடிய இரவிலும் காற்றடிக்கும் இரவிலும் உறைபனி வராததும் இதனால்தான்.

வெல்ஸ் 1814இல் தன் ஆராய்ச்சியைச் சிறு நூலாக வெளியிட்டார். ராயல் சொசைட்டி அதே ஆண்டு அவருக்கு ரம்ஃபோர்டு பதக்கம் கொடுத்தது. தகுதியான பரிசு. ஆனால் அவர் நூலுக்குள் நம் ஆட்கள் வருகிறார்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத அந்தப் பகுதிக்கு வருவோம்.

1775இல் சர் ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயப் படைத்தளபதி, அலகாபாத்தில் தான் கண்ட ஒரு தொழிலைப் பற்றி ராயல் சொசைட்டி இதழில் எழுதினார். பனிக்கட்டி தயாரிக்கும் தொழில். குளம் குட்டையில் இயற்கையாக ஐஸ் கட்டிப் பார்த்ததே இல்லாத ஊரில், மின்சாரம் இல்லாத காலத்தில்!

முறை இதுதான். வெட்டவெளியில் 30 அடி சதுரத்தில், 2 அடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டுவார்கள். அதில் காய்ந்த கரும்புச் சக்கையையோ சோளத்தட்டையையோ 8 அங்குலம் முதல் ஓரடி வரை பரப்புவார்கள். அதன்மேல் மெல்லிய, ஆழமில்லாத மண் தட்டுகளை வரிசையாக அடுக்குவார்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைப் பொழுது சாயும் நேரத்தில் ஊற்றுவார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தெளிந்த இரவுகளில் இந்த வேலை நடக்கும். சூரியன் தலைகாட்டுவதற்கு முன் வந்து, உறைந்த ஐஸைக் கூடைகளில் சேர்த்து, வைக்கோலும் முரட்டுக் கம்பளியும் வேய்ந்த 14, 15 அடி ஆழக் குழியில் இறக்கிக் கெட்டித்து வைப்பார்கள். கோடையில் கனவான்களின் மேசையில் அது பரிமாறப்படும்.

மண் தட்டிலிருந்து நீர் கசிந்து ஆவியாவதால்தான் குளிர்கிறது, மண்பானைத் தண்ணீர் மாதிரி, என்று சிலர் விளக்கம் சொன்னார்கள். வெல்ஸ் மறுத்தார். ஆவியாவதுதான் காரணம் என்றால் காற்றடித்தால் இன்னும் நன்றாக உறைய வேண்டும். ஆனால் காற்று அசையாத இரவில்தான் ஐஸ் நன்றாகக் கட்டியது. அடியில் போடும் தட்டை காய்ந்தே இருக்க வேண்டும் என்பதிலும் தொழிலாளிகள் கவனமாக இருந்தார்கள். காய்ந்த தட்டை பூமியின் சூடு மேலே வராமல் தடுத்தது. திறந்த வானம் மீதி வேலையைச் செய்தது.

யோசித்துப் பாருங்கள். எந்த இரவில் தண்ணீர் ஊற்றலாம், எந்த இரவில் ஊற்றினால் வீண், அடியில் எவ்வளவு தட்டை, எப்போது எழுந்து அள்ளுவது, எல்லாமே அந்தத் தொழிலாளிகளுக்குத் தெரிந்திருந்தது. விளக்கம் பின்னால் லண்டனில் வந்தது. பார்க்கர் பெயர் இதழில் இருக்கிறது, வெல்ஸ் பெயர் பதக்கத்தில் இருக்கிறது. விடியுமுன் விரல் மரத்துப்போக ஐஸ் அள்ளியவர்களில் ஒருவர் பெயரும் அவற்றில் இல்லை.

வெல்ஸை ஒரு விஷயத்துக்காக மதிக்கிறேன். தோட்டக்காரர்கள் இளஞ்செடிமேல் மெல்லிய பாயைப் போர்த்துவதைக் கண்டு, அரைகுறை அறிவின் செருக்கில் முன்பு தான் சிரித்ததுண்டு என்று அவரே எழுதிவைத்தார். செடி காற்றைவிடக் குளிர்ந்துபோகும் என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பாயின் அருமை அவருக்குப் புரிந்தது. நம் பெரியவர்களின் "தலையில துண்டு"ம் இதே வகைதான். பனி பெய்கிறது என்று அவர்கள் சொன்ன காரணம் தவறு. துண்டு சரி.

ஊட்டியில் இந்தப் பழைய அறிவு இன்றும் வேலை செய்கிறது. 1848இல் தொடங்கி, மக்ஐவர் உருவாக்கிய அரசு தாவரவியல் பூங்காவில், குளிர்காலத்தில் மலர்ச்செடிகளுக்கு மேல் மிலார் செடிகளைப் பரப்பி மூடுகிறார்கள். அது மறைப்பதும் வானத்தைத்தான். தேயிலைத் தோட்டம் முழுவதையும் அப்படி மூட முடியாது. கொழுந்து கருகிப்போனால், மறுபடி துளிர்க்கும் வரை பறிக்க இலை இருக்காது. பறிப்பவர்களுக்கு வேலையும் குறையும். நமக்கு அழகான படம், அவர்களுக்குக் கூலி.

இனி காருக்கு வருவோம். ஆரம்பகாலக் கார்களுக்குக் கூரையும் இல்லை, முன் கண்ணாடியும் இல்லை. கண்ணாடி வந்ததும் தொல்லையும் வந்தது. அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற அம்மையார் ஒரு குளிர்காலத்தில் நியூயார்க் போயிருந்தபோது, பனிமழையில் டிராம் ஓட்டுநர் முன் கண்ணாடியைத் திறந்துவைத்துக்கொண்டு, முகத்தில் குளிர் அறைய ஓட்டுவதைப் பார்த்தார். உள்ளே இருந்தபடி கையால் இயக்கும் துடைப்பானுக்கு 1903 நவம்பர் 10இல் காப்புரிமை பெற்றார். கனடாவில் ஒரு நிறுவனம் இதற்கு விலைமதிப்பு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. 1920இல் காப்புரிமைக் காலம் முடிந்தது. அதன் பிறகு வைப்பர் எல்லாக் கார்களுக்கும் வந்தது, அவருக்குப் பணம் வரவில்லை. நம் ஊரில் மழைக்கு மட்டும் நினைவுக்கு வரும் வைப்பர், பிறந்தது பனியைத் துடைக்க.

ஆனால் இறுகிய உறைபனியை வைப்பர் தள்ளாது. ரப்பர் கிழியும், மோட்டாரும் கெடும். ஆகவே தம்பிக்கும், தை மாதம் மலைக்குப் போகும் மற்றவர்களுக்கும் சில வார்த்தைகள்.

வெந்நீர் ஊற்றாதீர்கள். கண்ணாடியின் வெளிப்பக்கம் சட்டென்று விரியும், உள்பக்கம் விரியாது. ஏற்கெனவே கல் பட்ட சின்னக் கீறல் இருந்தால் அதிலிருந்து கண்ணாடி முழுக்க விரிசல் ஓடும். கத்தி, இரும்புத் தகடு வேண்டாம். பிளாஸ்டிக் சுரண்டி போதும், அவசரத்துக்குக் காலாவதியான ஏடிஎம் கார்டு உதவும். இன்ஜினை ஓட விட்டு, சூடான காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பிக் கொஞ்சம் பொறுங்கள். மூடிய கொட்டகைக்குள் மட்டும் இன்ஜினை ஓட விடாதீர்கள், புகை உயிரைக் குடிக்கும்.

எல்லாவற்றையும்விட நல்லது, அலகாபாத்காரர்கள் செய்ததைத் தலைகீழாகச் செய்வது. அவர்கள் தண்ணீருக்கு வானத்தைக் காட்டினார்கள். நீங்கள் கண்ணாடிக்கு வானத்தைக் காட்டாதீர்கள். ராத்திரியே ஒரு அட்டையோ, சாக்கோ, பழைய போர்வையோ முன் கண்ணாடிமேல் போட்டு வையுங்கள். மரத்தடியிலோ கூரைக்கு அடியிலோ இடம் கிடைத்தால் அங்கே நிறுத்துங்கள்.

முக்கியமானது ஒன்று. உள்ளங்கை அளவு மட்டும் சுரண்டி, அந்த ஓட்டை வழியே பார்த்துக்கொண்டு புறப்படும் ஆட்கள் உண்டு. பிரிட்டனின் சாலை விதிநூலில், எல்லாக் கண்ணாடிகளிலும் பனியை முழுவதும் நீக்கிய பிறகே வண்டி எடுக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். தலைகுந்தாவிலிருந்து கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவுகள். விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களும் பால்காரரும் சாலை ஓரத்தில்தான் நடப்பார்கள். பத்து நிமிடம் தாமதமானால் சூரிய உதயம் பார்க்கத் தவறலாம், அவ்வளவுதான்.

கடைசியாக, பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஊட்டி போக வேண்டாம். காற்றடிக்காத, மேகமில்லாத மார்கழி இரவில் மொட்டை மாடியில் இரண்டு எவர்சில்வர் தட்டுகளைக் கவிழ்த்து வையுங்கள். ஒன்று திறந்த வெளியில், இன்னொன்று ஸ்டூலுக்கு அடியில். விடியுமுன் எழுந்து இரண்டையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். எது நனைந்திருந்தது, ஏன் என்று அவர்களையே எழுதச் சொல்லி எனக்கு அனுப்புங்கள். பழைய பழக்கம், திருத்தித் தருகிறேன்.